கடைக் குதிரைவாலியும் வயல் குதிரைவாலியும் ஒன்றுதானா?

வாசகர் கேள்வி: "குதிரைவாலி அரிசியைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறோம். எங்கள் நெல் வயலிலோ அதே குதிரைவாலி களையாக மண்டிக் கிடக்கிறது. ஆள் வைத்துப் பிடுங்கி வரப்பில் எறிகிறோம். அதை விட்டுவைத்து அறுத்தால் என்ன? இரண்டும் ஒன்றுதானே?"

ஜூலை 6

பெயர் ஒன்று, செடி வேறு. ஆனால் நெருங்கிய சொந்தம். இரண்டும் எக்கைனோகுளோவா என்ற புல் பேரினத்தைச் சேர்ந்தவை. இதில் முப்பது, நாற்பது சிற்றினங்கள் உண்டு. யார் பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை கூடும், குறையும். பெரும்பாலானவை சேறு, வாய்க்கால் கரை, தேங்கிய தண்ணீர் என்று ஈரத்தைத் தேடிப் போகிறவை.

உங்கள் வயலில் நெல்லோடு நெல்லாக நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் க்ரஸ்-காலி என்ற சிற்றினமாக இருக்கும். நெல்மெரட்டி என்றால் விவசாயத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடையில் வாங்குவது ஃப்ருமென்டேசியா. க்ரஸ்-காலியை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதைத்து உண்டாக்கியதுதான் அந்தத் தானியம்.

விட்டுவைத்து அறுக்க முடியாததற்குக் காரணம், களை தன் விதையைப் பிடித்து வைத்திருக்காது. கதிரின் நுனி பழுக்கும்போதே உதிர ஆரம்பித்துவிடும். நெல் அறுப்புக்கு வருமுன் பாதிக்கு மேல் சேற்றில் கிடக்கும். கதிரில் நிற்பதா, மண்ணில் விழுவதா என்பதுதான் பயிருக்கும் களைக்கும் உள்ள முதல் வித்தியாசம்.

ஜூலை 7

"நாற்றாக இருக்கும்போது எப்படி அடையாளம் காண்பது?" என்று அடுத்த கேள்வி.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கல்லூரிப் பாடம் இல்லை, அத்தை. மன்னார்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பள்ளி நாட்களில் ஒரு குறுவைக்கு நானும் களை பறிக்க இறங்கினேன். கால் மணி நேரத்தில் ஒரு கை நிறையப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அத்தை அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பாதி நெல். திட்டவில்லை. ஒரு தூரை எடுத்து, இலையும் தண்டும் சேருகிற இடத்தை நகத்தால் மெதுவாக விரித்து, "இங்க பாரு, இதுக்கு நாக்கு இருக்கா?" என்று கேட்டார்.

நெல் இலையை இப்படி விரித்தால் உள்பக்கம் வெள்ளையாக, காகிதம் போல மெல்லிய ஒரு சவ்வு எழுந்து நிற்கும், நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். தாவரவியலில் லிக்யூல் என்று சொல்வது அதைத்தான், அத்தை சொன்ன நாக்கு. பக்கத்திலேயே இரண்டு சின்னக் காதுகள், அரிவாள் மாதிரி வளைந்து, ஓரத்தில் ரோமத்தோடு தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். களையை விரித்தால் ஒன்றுமே இருக்காது. இலை அப்படியே வழுவழுவென்று உறைக்குள் இறங்கிவிடும். நாக்கும் இல்லை, காதும் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. இளநாற்றாக இருந்தால் வேரோடு மெதுவாக எடுத்து அலசுங்கள். நெல் நாற்றின் அடியில் நெல் உமி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். களையின் அடியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய விதைக்கூடு. அதற்கப்புறம் சந்தேகமே வராது. ஆனால் ஒரு ஏக்கரை இப்படி அலசிப் பார்க்க முடியாது என்பதும் உண்மை.

ஜூலை 9

கோரையையும் இதில் சேர்த்து ஒருவர் கேட்டிருந்தார். கோரை புல்லே இல்லை, வேறு குடும்பம். தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், மூன்று மூலை தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும், கணுவும் இருக்கும். குளத்தில் நிற்கிற சம்பும் புல் இல்லை. நாணல் புல்தான்.

ஜூலை 13

முதல் குறிப்பில் எழுதிய ஒன்றைத் திருத்தியாக வேண்டும். கடைக் குதிரைவாலிக்குத் தாய் க்ரஸ்-காலி என்று எழுதியிருந்தேன். தவறு. நம் நாட்டுக் குதிரைவாலியான ஃப்ருமென்டேசியா வந்தது கொலோனா என்ற இன்னொரு களையிலிருந்து. க்ரஸ்-காலியிலிருந்து வந்த தானியம் எஸ்குலென்டா. ஜப்பானில் 'ஹியே' என்று பயிரிட்டார்கள், அந்த நாட்டின் குளிர்ந்த வடகிழக்கில் நெல் பொய்த்த வருடங்களில் கைகொடுத்தது அது. அதாவது ஒரே பேரினத்தில் இரண்டு களைகள், இரண்டு வெவ்வேறு நாடுகளில், தனித்தனியாகத் தானியமாயின. இரண்டு தானியங்களும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் வெகுகாலம் குழப்பம் இருந்தது. நானும் அந்தக் குழப்பத்தோடு எழுதிவிட்டேன்.

கொலோனா உங்களுக்குத் தெரிந்த செடிதான். வரப்பு ஓரம், தென்னந்தோப்பு, சாலையோரப் பள்ளம், எங்கே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வரும். முழங்காலளவு, தரையோடு சாய்ந்து பரவும். சில செடிகளில் இலைக்குக் குறுக்கே ஊதா நிறப் பட்டை ஓடும். கதிரை அருகில் பாருங்கள். குட்டிக் குட்டிக் கிளைகள் இடைவெளி விட்டு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கிளையிலும் மணிகள் நான்கு வரிசையாக, கோத்து வைத்தது போல் அத்தனை ஒழுங்காக இருக்கும், மீசை கிடையாது. க்ரஸ்-காலியின் கதிர் இதைவிடப் பெரியது, கலைந்தது, சொரசொரப்பானது. சிலவற்றில் நீளமான மீசையும் உண்டு. ஃப்ருமென்டேசியாவின் கதிரோ நெருக்கமாக, தடித்து, கிளைகள் உள்பக்கம் வளைந்திருக்கும். குதிரைவாலி என்ற பெயர் அந்தக் கதிருக்கு எவ்வளவு பொருத்தம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குரோமோசோம் கணக்கும் கேட்டிருந்தார்கள். கொலோனா, ஃப்ருமென்டேசியா, க்ரஸ்-காலி, எஸ்குலென்டா நான்குக்கும் 54. நெல்லைப் போலவே நடிக்கிற ஒரைசிகோலா என்ற இன்னொரு களைக்கு 36. எண் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கொலோனாவும் க்ரஸ்-காலியும் கலந்தால் பிறக்கிற செடி மலடாகத்தான் இருக்கும். கொலோனாவும் ஃப்ருமென்டேசியாவும் கலந்தால் விதை பிடிக்கும். சொந்தம் யாருக்கு யார் என்பது அதிலேயே தெரிகிறது.

ஜூலை 14

பெயர் பற்றி. எக்கினோஸ் என்றால் கிரேக்கத்தில் முள்ளெலி, குளோவா என்றால் புல். சொரசொரத்த கதிரைப் பார்த்து 1812-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பலிசோ தெ பொவுவா வைத்த பெயர். அதற்கு முன்னால் 1753-இல் லின்னேயஸ் இதைப் பனிக்கம் என்ற பெரிய கூட்டத்துக்குள் போட்டிருந்தார். க்ரஸ்-காலி என்றால் லத்தீனில் சேவல் கால். முள்ளெலி நம் தென்மாவட்டத் தேரிக்காட்டில் இருக்கிற பிராணி, குதிரைவாலி விளைவதும் விருதுநகர், தூத்துக்குடி, மதுரைப் பக்கத்து மானாவாரி நிலத்தில்தான். பெயர் வைத்தவர் இதை அறிந்திருக்க வழியில்லை. எனக்கு இதில் ஒரு சந்தோஷம்.

ஜூலை 21

இன்று அத்தையோடு வயலில் இருந்தேன். பம்ப்செட் குறுவை, நட்டு இருபது நாள் ஆகிறது. பிடுங்கியதையெல்லாம் வரப்பில் பரப்பிப் பார்த்தேன். அடித்தண்டு சிவந்து, தூர் அகலமாக விரிந்தவை கொஞ்சம். அடி பச்சையாக, தூர் நெல்லைப் போல ஒடுங்கி நின்றவை மீதி. முதல் வகையை நான்கூடத் தூரத்திலிருந்தே பிடுங்கிவிடுகிறேன். இரண்டாவது வகை அத்தையின் கைக்கும் சில நேரம் தப்பிவிடுகிறது.

எனக்கு இந்தப் பேரினத்தின் மீது இத்தனை ஈடுபாடு வந்ததே இதனால்தான். களை பறிக்கிற கை ஒவ்வொரு பருவமும் ஒரு தேர்வு நடத்துகிறது. நெல் மாதிரி இல்லாதது பிடுங்கப்படுகிறது. நெல் மாதிரி இருப்பது தப்பிப் பிழைத்து விதை உதிர்க்கிறது. அடுத்த பருவம் முளைப்பதில் நெல் முகம் கொண்டவை கொஞ்சம் கூடுதல். யாரும் திட்டம் போடவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பருவம் இது நடந்தால், நெல்லின் வேஷத்தைப் போட்டுக்கொண்ட ஒரு புல் உருவாகிவிடுகிறது. அதை உண்டாக்கியது நம் கண்தான்.

ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் வவிலோவ் கோதுமை வயலில் களையாக இருந்த ரை இப்படித்தான் கோதுமையைப் போலாகி, கடைசியில் தானும் பயிரானது என்று விளக்கினார். உலகமெங்கும் விதை சேகரித்த அந்த மனிதர் 1943-இல் சரத்தோவ் சிறையில் பட்டினியால் வாடி இறந்தார். பயிரைப் போலக் களை மாறுவதற்கு வவிலோவ் போலிமை என்று பின்னால் அவர் பெயரையே வைத்தார்கள்.

சீனாவில் யாங்சி ஆற்றுப் படுகையில் சேகரித்த க்ரஸ்-காலிச் செடிகளின் மரபணுவைப் படித்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே நெல் வேஷம் போட்ட வகை உருவாகிச் சுமார் 1000 ஆண்டுகள் ஆகின்றன என்று அது கணக்கிட்டது. சோங் அரச மரபு ஆண்ட காலம், நெல் சாகுபடி பெருகிய காலம். தூர் எவ்வளவு விரியும் என்பதோடு தொடர்புடைய லேஸி1 என்ற மரபணுவிலும் தேர்வின் தடயம் இருந்தது. வரப்பில் நான் இரண்டு குவியலாகப் பிரித்ததும் அந்த ஒரு குணத்தை வைத்துத்தான்: தூர் விரிகிறதா, ஒடுங்குகிறதா.

ஜூலை 22

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். எங்கள் வயலில் தப்பியவை எல்லாம் வேஷதாரிகள் என்ற தொனி வந்துவிட்டது. அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. நெருக்கமாக நட்ட இடத்தில் நிழலுக்குப் போட்டி போட்டு எந்தப் புல்லும் ஒடுங்கி நிமிரும். குணம் பிறவியிலேயே வந்ததா, இடத்தால் வந்ததா என்று பார்க்க இரண்டு வகை விதையையும் திறந்த வெளியில் தனித்தனியாக வளர்க்க வேண்டும். ஆறு செடிகளைத் தொட்டியில் வைத்திருக்கிறேன், விதை எடுக்க.

ஆகஸ்ட் 2

"நாற்றாங்காலிலேயே பொறுக்கிவிட்டால் தொல்லை விட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முழுக்கச் சரி. நாற்றாங்காலில் தப்பிய களை, நாற்று முடியோடு முடியாகக் கட்டப்பட்டு, நம் கையாலேயே நடவு வயலில் நடப்படுகிறது. வரிசையில், சரியான இடைவெளியில், நல்ல சேற்றில். பறித்த நாற்றைக் கட்டும் முன் அத்தை ஒருமுறை உதறிப் பார்ப்பார். அந்த அரை நிமிடம் பின்னால் இரண்டு ஆள் கூலியை மிச்சப்படுத்தும்.

நடவு முறையே ஒரு களைத் தடுப்புதான். இருபத்தைந்து நாள் வளர்ந்த நெல் தண்ணீரில் இறங்கும்போது களை அப்போதுதான் முளைக்கிறது. நேரடி விதைப்பில் இந்த முந்துதல் போய்விடுகிறது, இரண்டும் ஒரே நாளில் ஓட்டத்தைத் தொடங்குகின்றன. ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர் வரவில்லை என்று நேரடி விதைப்புக்குப் போனவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். வேறு வழி இல்லாமல்தான் போகிறார்கள். ஆனால் முதல் மாதம் முழுக்க இந்தப் புல்லோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 3

அப்படி ஒன்றாகத் தொடங்கினால் களை ஏன் ஜெயிக்கிறது என்று கேட்டவருக்கு:

நெல்லும் இதுவும் வெயிலைப் பயன்படுத்தும் விதம் வேறு. ஒளிச்சேர்க்கையில் நெல்லின் வழிக்கு சி3 என்று பெயர், எக்கைனோகுளோவாவின் வழிக்கு சி4. இலையைக் குறுக்கே பிளேடால் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் நரம்பைச் சுற்றித் தடித்த, கரும்பச்சை செல்கள் மாலை போல நிற்கும். அதற்கு கிரான்ஸ் அமைப்பு என்று பெயர், ஜெர்மன் மொழியில் கிரான்ஸ் என்றால் மாலைதான். வெளிச் செல்களில் கரியமிலவாயுவைப் பிடித்து, உள்மாலைக்குள் கொண்டுபோய்க் குவித்து, அங்கே சர்க்கரையாக்குகிறது. வெயில் ஏற ஏற நெல் இலை பிடித்த கரியில் ஒரு பங்கை வீணாக்குகிறது. இது வீணாக்குவது மிகக் குறைவு. அதே யூரியா, அதே தண்ணீர், ஆனால் உடம்பு போடுவது இது. களையை வைத்துக்கொண்டு மேலுரம் போடாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

கரும்பும் சோளமும் சி4தான். ஆனால் தண்ணீருக்குள் முளைத்து எழுந்து வருகிற சி4 புல் என்பது அபூர்வம்.

ஆகஸ்ட் 11

அந்த "தண்ணீருக்குள் முளைத்து" என்பதை நானே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் விளிம்புவரை ஊற்றினேன். ஒன்றில் நேற்று உதிர்ந்த க்ரஸ்-காலி விதை இருபது. இன்னொன்றில் கோதுமை இருபது. இறுக மூடி அலமாரியில் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 20

இரண்டிலும் ஒன்றும் முளைக்கவில்லை. கோதுமை ஊறி வாடை அடிக்கிறது. களை விதை வைத்தது போலவே கிடக்கிறது.

காரணம் உடனே புரிந்திருக்க வேண்டும். புதிதாக உதிர்ந்த விதை தூங்கும். எத்தனை ஈரம் கிடைத்தாலும் சில மாதம் ஆகாமல் முளைக்காது. உதிர்ந்த அன்றே முளைத்தால் அறுப்பு உழவில் மொத்தமும் அழிந்துவிடும். அத்தையிடம் சொல்லிப் போன வருடச் சேற்றை ஒரு வாளி எடுத்து வைத்திருக்கிறேன். சல்லடையில் அலசி விதை பொறுக்க வேண்டும்.

செப்டம்பர் 4

முளைத்துவிட்டது! சேற்றில் பொறுக்கிய பதினான்கு விதைகளில் ஒன்பது. மூடிய புட்டிக்குள், காற்று இல்லாத தண்ணீரில், வெள்ளை நூல் போலத் தளிர் மேல்நோக்கி எழுகிறது. பச்சை துளிக்கூட இல்லை. வேரும் இல்லை. வேர் விட ஆக்சிஜன் வேண்டும், அதனால் இருக்கிற கொஞ்சம் சக்தியையும் மேலே போவதிலேயே செலவழிக்கிறது. நுனி தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டால் போதும், அந்த வழியாகக் காற்று கீழே இறங்கும், அப்புறம்தான் வேர். நெல்லும் இதையேதான் செய்கிறது. இரண்டும் ஒரே சேற்றில் ஒரே பாடத்தைப் படித்திருக்கின்றன.

தண்ணீர் கட்டினால் களை வராது என்கிற நம்பிக்கை கொலோனாவுக்குப் பெரிதும் பலிக்கும், அது ஆழத் தண்ணீரில் எழத் திணறும். க்ரஸ்-காலியின் நெல் வேஷ வகைகளிடமும் ஒரைசிகோலாவிடமும் அந்த அளவுக்குப் பலிக்காது.

செப்டம்பர் 5

ஜூலை 7 குறிப்பில் களைக்கு "நாக்கும் இல்லை" என்று எழுதினேன். பேரினம் முழுவதற்கும் அது பொருந்தாது. ஸ்டாக்னினா, பிரமிடாலிஸ் போன்ற சிற்றினங்களில் அந்த இடத்தில் ரோம வரிசை ஒன்று உண்டு. வயல் அடையாளத்துக்கு எழுதியது சரியே. சவ்வு இருந்தால் நெல், பிடுங்காதீர்கள்.

ஸ்டாக்னினா பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மாலி நாட்டில் நைஜர் ஆறு பரந்து விரிகிற உள்நாட்டு டெல்டாவில் இதற்கு 'புர்கு' என்று பெயர். வெள்ளம் ஏற ஏறத் தண்டும் நீண்டு மிதக்கும். வெள்ளம் வடிந்ததும் அது படுத்துக் கிடக்கிற வெளியெல்லாம் மேய்ச்சல் நிலம். ஃபுலானி மக்கள் மாட்டு மந்தைகளை ஆற்றில் நீந்தவிட்டு அங்கே ஓட்டி வருவார்கள், தியாஃபராபே ஊரில் அந்தக் கடப்பு பெரிய திருவிழா. தண்டில் இனிப்பு இருப்பதால் சாறு எடுத்துப் பானமும் செய்கிறார்கள். 1970-களிலும் 80-களிலும் வந்த வறட்சியில் புர்கு வெளிகள் சுருங்கின. நாம் களை என்று எறிகிற பேரினத்தைச் சேர்ந்த ஒரு புல் இல்லாததால் மாடுகள் மடிந்த இடமும் உலகில் இருக்கிறது.

அமேசானில் மனாவுஸ் பக்கம் பாலிஸ்டாக்கியா என்ற இன்னொன்று. ஆற்று வெள்ளத்தோடு போட்டி போட்டு வளர்ந்து, ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 டன் உலர் எடை சேர்க்கிறது என்று அளந்திருக்கிறார்கள். இயற்கையாக வளரும் தாவரங்களில் இந்த அளவு மிக அரிது.

செப்டம்பர் 18

களைக்கொல்லி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஒரே மருந்தை வருடா வருடம் அடிக்காதீர்கள். புரோபனில் என்ற மருந்து நெல்லைக் கொல்லாததற்குக் காரணம், நெல்லிடம் அதை உடைக்கிற ஒரு நொதி இருப்பது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 1990 வாக்கில் அந்த மருந்துக்குச் சாகாத க்ரஸ்-காலி கண்டுபிடிக்கப்பட்டது. அது தப்பித்ததும் அதே வகை நொதியால்தான். கை பறித்தபோது உருவத்தில் நெல்லானது, மருந்து அடித்தபோது உள்ளேயும் நெல்லாயிற்று. இதைப் படித்த அன்று வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நெல்லின் வேர் சுரக்கிற மோமிலாக்டோன் என்ற நஞ்சு பக்கத்துச் செடிகளை அடக்கும். அதைத் தயாரிக்கும் மரபணுத் தொகுதி ஒன்று க்ரஸ்-காலியிடமும் இருப்பதாக 2017-இல் மரபணு வரிசையைப் படித்தவர்கள் கண்டார்கள்.

எனக்கும் ஒரு கசப்பு உண்டு. சில வருடம் முன் ஒரு கடையில் கொடுத்த மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாளில் அடித்தோம். நெல் மஞ்சளடித்துப் பத்து நாள் நின்றுவிட்டது, களை நிற்கவில்லை. அத்தை அந்தப் பத்து நாளும் வயலுக்குப் போய்ப் போய்ப் பார்த்து வந்தார். சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவருக்கு. அந்தத் துண்டில் அன்றிலிருந்து தள்ளிக் களையெடுக்கிற கோனோ வீடரும் கையும்தான்.

அக்டோபர் 9

அறுப்பு முடிந்தது. முதல் கேள்விக்கு, "விட்டுவைத்து அறுத்தால் என்ன?" என்பதற்கு, முறையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று ஜூலையிலிருந்தே மனதில் இருந்தது. மருந்து அடிக்காத அந்தத் துண்டில் பத்துக் க்ரஸ்-காலிக் கதிருக்கு மெல்லிய துணிப்பை கட்டிவைத்திருந்தேன். உதிர்ந்ததெல்லாம் பைக்குள் விழுந்தது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, ஊதி எடுத்தால் இரண்டு தேக்கரண்டி. சாம்பல் பழுப்பு நிறம். கடைக் குதிரைவாலியை விடப் பொடி.

வேகவைத்துச் சாப்பிட்டோம். குதிரைவாலிச் சோற்றின் அதே வாசனை, கொஞ்சம் கடினம், லேசாகப் புல் மணம். சாப்பிடலாம். மருந்து அடித்த வயலில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். மாட்டுக்குப் போடுகிறவர்களும் உரம் மிகுதியாகப் போட்ட வயல் புல்லைக் குறைத்தே போடுங்கள், நைட்ரேட் சேர்ந்திருக்கும்.

அத்தை ஒரு வாய் எடுத்து மென்றுகொண்டே, "எங்க அம்மா இதை முறத்தை ஏந்தித் தட்டித் தட்டிச் சேப்பாங்க" என்றார். கதிரை அறுப்பதில்லையாம். விடிகாலையில் பனி ஈரம் காய்வதற்குள் வயலுக்குள் இறங்கி, செடியை முறத்தின் மேல் சாய்த்துக் கையால் தட்டினால் பழுத்தது மட்டும் விழும், மறுபடி இரண்டு நாள் கழித்து அதே செடி. உதிர்கிற விதையை உதிர்கிற விதையாகவே வாங்கிக்கொள்கிற வழி. எத்தனை வருடம் அவரோடு பேசியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

அக்டோபர் 10

தொட்டியில் வைத்த ஆறு செடிகளின் விதையைத் தனித்தனிக் காகிதப் பொட்டலத்தில் போட்டு, "விரிந்தது", "ஒடுங்கியது" என்று எழுதி வைத்திருக்கிறேன். தூக்கம் கலைய மாசி ஆகும். அப்புறம் மொட்டை மாடியில் விதைக்க வேண்டும்.